ஆறு ஷில்லிங்கும் நாற்பத்தொரு புள்ளியும்

2025 ஜூன் 29, ஞாயிற்றுக்கிழமை. மும்பை அந்தேரி விளையாட்டு வளாகத்தில் ரக்பி பிரீமியர் லீகின் முதல் இறுதிப்போட்டி நடந்தது. சென்னை புல்ஸ் 41 புள்ளிகள் எடுத்தது. டெல்லி ரெட்ஸ் ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. இந்தியாவில் தொழில்முறை ரக்பிக்கென்று நடந்த முதல் சாம்பியன்ஷிப்பின் கோப்பை சென்னையின் பெயரில் எழுதப்பட்டது.

ரக்பி பார்த்துப் பழகாதவர்களுக்காக அந்த 41ஐக் கொஞ்சம் பிரித்துச் சொல்ல வேண்டும். பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் அழுத்தி வைத்தால் அது ஒரு ட்ரை, 5 புள்ளி. அதன்பின் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பினால் அது கன்வர்ஷன், இன்னும் 2. பெனால்டி உதைக்கும் ட்ராப் கோலுக்கும் 3. ஏழு பேர் ஆடும் ரக்பியில் அந்த மூன்று புள்ளி உதைகளை யாரும் பெரிதாக நாடுவதில்லை. கிடைக்கும் வாய்ப்பில் ட்ரைக்கு ஓடுவதே வழக்கம். அந்த மூன்று புள்ளி உதைகள் இல்லாமல் 41 வருவதற்குக் கணக்கில் ஒரே வழிதான் உண்டு: ஏழு ட்ரை, மூன்று கன்வர்ஷன். இந்த லீகின் ஆட்டமோ நான்கு நிமிடம் வீதம் நான்கு பகுதி, மொத்தம் 16 நிமிடம். அதற்குள் ஒரு பக்கம் இத்தனை புள்ளி விழுந்து, மறுபக்கம் ஒருவரும் கோட்டைத் தொடவே இல்லை என்றால், புல்ஸ் ஓட்டத்தில் மட்டும் சிறந்திருக்கவில்லை. பிடியிலும் ஒருமுறைகூடத் தளரவில்லை. இறுதிப்போட்டிகளில் பயத்தால் ஆட்டம் சுருங்குவதையே அதிகம் பார்க்கிறோம். இது அப்படியில்லாத ஓர் இறுதி.

ஆறு அணிகள்: சென்னை, டெல்லி, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத், கலிங்கா. ஒவ்வொரு அணியிலும் 13 பேர். அதில் ஐந்து பேர் உலகத் தரத்து வெளிநாட்டு வீரர்கள், மூன்று பேர் ரக்பியில் வளர்ந்துவரும் நாடுகளிலிருந்து வந்தவர்கள், ஐந்து பேர் இந்தியர்கள். ஜூன் 15 முதல் 29 வரை மொத்தம் 34 ஆட்டம். ரியோ ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியப் பெண்கள் அணிக்குத் தங்கம் வாங்கித் தந்த டிம் வால்ஷ் போன்றவர்கள் பயிற்சியாளர்களாக வந்திருந்தார்கள். ஜி.எம்.ஆர். நிறுவனமும் ரக்பி இந்தியா அமைப்பும் சேர்ந்து, உலக ரக்பி அமைப்பின் ஒப்புதலோடு இதை நடத்தின. முதல் பருவத்தில் பெண்கள் அணி எதுவும் இல்லை. அந்த 34 ஆட்டமும் மும்பையின் ஒரே மைதானத்தில் நடந்தன. சென்னை புல்ஸ் சென்னை மண்ணில் ஒரு நிமிடம்கூட ஆடாமல் சாம்பியன் ஆனது.

ஓர் ஊரின் பெயரில் வென்ற கோப்பை அந்த ஊருக்கே உரியதாக வேண்டுமானால் என்ன தேவை? இதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆடப் போனதால் ஒருவர் இழக்கும் வேலைநாளுக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும். ரக்பி தொழில்முறை ஆட்டமாக மாறிய கதையே அந்த ஒருநாள் கூலியின் கதைதான். அந்தக் கதை பிறந்த இடங்களும் நம் அம்பத்தூர், ஆவடி, பாடியைப் போன்ற ஆலை ஊர்களே. அதனால்தான் சென்னையின் மேற்குப் புறநகரை முன்வைத்து இதை எழுதுகிறேன்.

1823இல் இங்கிலாந்தின் ரக்பி பள்ளியில் வில்லியம் வெப் எல்லிஸ் என்ற மாணவன் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான், ஆட்டம் அப்படித்தான் பிறந்தது என்பார்கள். அது பின்னாளில் பரவிய கதை, ஆதாரம் மெலிந்தது. 1845இல் அந்தப் பள்ளி மாணவர்கள் விதிகளை எழுதினார்கள், 1871இல் லண்டனில் ரக்பி யூனியன் அமைந்தது என்பவை உறுதியான செய்திகள். பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பள்ளி ஆட்டமாகத் தொடங்கிய அது, சில பத்தாண்டுகளில் வட இங்கிலாந்தின் நெசவாலை ஊர்களுக்கும் நிலக்கரி ஊர்களுக்கும் இறங்கி வந்தது. அங்கேதான் சிக்கல் முளைத்தது. சனிக்கிழமையும் பாதி நாள் ஆலையில் நிற்க வேண்டியவர், வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போயிற்று. வழக்கறிஞருக்கும் நிலக்கிழார் மகனுக்கும் இந்தக் கவலை கிடையாது. அந்தக் கூலியைக் கிளப் ஈடுகட்டலாமா என்று 1893இல் யூனியன் கூட்டத்தில் வாக்கெடுப்பு நடந்தது. 282க்கு 136 என்ற கணக்கில் கோரிக்கை தோற்றது. பணத்துக்காக ஆடுவது ஆட்டத்தின் மேன்மையைக் கெடுக்கும் என்று வாதாடியவர்களுக்குத் தங்கள் மாத வருமானத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய அவசியம் இருந்ததே இல்லை.

இரண்டு ஆண்டு கழித்து, 1895 ஆகஸ்ட் 29 அன்று, ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்து ஜார்ஜ் ஹோட்டலில் இருபதுக்கும் மேற்பட்ட வடக்குக் கிளப்கள் கூடித் தனியாகப் பிரிந்தன. அவை முதலில் அனுமதித்த தொகை ஒரு நாளைக்கு ஆறு ஷில்லிங். அதுவும் சம்பளமாக அல்ல. வேலைக்குப் போகாத நாளுக்கான ஈடு. ஆடுகிறவருக்கு ஒழுங்கான வேறு வேலை இருக்க வேண்டும் என்று விதியே எழுதினார்கள். ஒரு விளையாட்டு இரண்டாகப் பிளந்தது இந்த ஆறு ஷில்லிங்கால்தான். பிரிந்துபோனவர்கள் வளர்த்தது பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக். இங்கே நாம் பேசும் ரக்பி யூனியன் அதற்குப் பிறகும் ஒரு நூற்றாண்டுக் காலம், காசு வாங்கினால் தீட்டு என்ற கொள்கையிலேயே நின்றது. மேசைக்கு அடியில் உறைகள் கைமாறின. மேசைமேல் மேன்மை பேசப்பட்டது. 1995 ஆகஸ்ட் 26 அன்று பாரிஸில் கூடிய உலக அமைப்பு அந்தத் தடையை ஒருவழியாக நீக்கியது. ஹடர்ஸ்ஃபீல்டு கூட்டம் நடந்து நூறு ஆண்டு நிறைய அப்போது மூன்று நாள் பாக்கி.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் எவருக்கும் இந்தக் கதை உடனே புரியும் என்பதால்தான். 1960களில் அமைந்த அந்தத் தொழிற்பேட்டையில் சிறிதும் பெரிதுமாய்ப் பல நூறு பட்டறைகள், வார்ப்படச் சாலைகள், தையல் எக்ஸ்போர்ட் கம்பெனிகள். நிரந்தர ஊழியர்கள் குறைந்து, கான்ட்ராக்ட் ஆட்கள் பெருகிய காலம் இது. ஒரு நாள் போகாவிட்டால் சம்பளம் பிடித்தம்; மூன்று நாள் போகாவிட்டால் இடத்துக்கு வேறு ஆள். இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் சனி, ஞாயிறு ஆட்டத்துக்காக வெள்ளி இரவு ரயில் ஏற வேண்டுமென்றால், 1893இல் வட இங்கிலாந்தின் யார்க்ஷயர் நெசவாளி கேட்ட அதே கேள்வியைத்தான் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டியிருக்கும். விடையும் அநேகமாக அதுவாகவே இருக்கும்.

மும்பை இறுதிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் உலகின் மற்றப் பெரிய ரக்பி இறுதிகளும் நடந்து முடிந்தன. ஜூன் 14 அன்று லண்டன் ட்விக்கனமில் பாத் அணி லெஸ்டரை 23–21 என வென்று, 1996க்குப் பிறகு முதன்முறையாக இங்கிலாந்தின் சாம்பியன் ஆனது. அதே நாளில் டப்ளினில் லீன்ஸ்டர் அணி, தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரத்து புல்ஸை 32–7 எனத் தோற்கடித்தது. ஜூன் 21 அன்று நியூசிலாந்தில் க்ரூசேடர்ஸ், சீஃப்ஸை 16–12 என வென்றது. ஜூன் 28 அன்று பாரிஸை ஒட்டிய திடலில் துலூஸ் அணி, கூடுதல் நேரம் வரை இழுத்துச் சென்ற போர்தோ அணியை 39–33 என வீழ்த்தியது. துலூஸுக்கு அது 24ஆவது பிரெஞ்சுப் பட்டம். மறுநாள் மும்பையில் சென்னை.

இந்தப் பட்டியலில் சென்னையை மற்றவர்களுக்குச் சமமாக வைத்துப் பெருமைப்படுவது எளிது. நான் அப்படிச் செய்யப்போவதில்லை. பாரிஸ் இறுதிக்குப் பின்னால் 1892இல் தொடங்கிய ஒரு போட்டி இருக்கிறது. அதில் ஆடுகிற ஒவ்வொரு கிளப்புக்கும் ஓர் ஊர், ஒரு திடல், அந்த ஊர்ப் பள்ளிகள், ஞாயிறு மதியங்கள் என்று நூறு ஆண்டுச் சேமிப்பு உண்டு. அந்தச் சேமிப்பு எப்படி உண்டானது என்று தேடிப் போனால், நம் புறநகர்களுக்கு மிக நெருக்கமான இரண்டு ஊர்கள் கிடைக்கின்றன.

ஒன்று க்ளெர்மோன். நடு பிரான்ஸில், அணைந்த எரிமலைகளுக்கு நடுவே இருக்கிற டயர் நகரம். மிஷெலின் நிறுவனத்தின் தாய் ஊர். நிறுவனரின் மகன் மார்செல் மிஷெலின், தொழிலாளர்கள் விளையாட வேண்டும் என்று 1911இல் ஆலையின் பெயரிலேயே ஒரு விளையாட்டுக் கழகம் தொடங்கினார். திடலும் கட்டினார். அதன் ரக்பி அணி 1936 தொடங்கிப் பத்து முறை பிரெஞ்சு சாம்பியன்ஷிப்பின் இறுதிக்கு வந்து, பத்து முறையும் தோற்றது. 2007, 2008, 2009 என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டு தோல்வி. அப்பா பார்த்த தோல்வியை மகன் பார்த்தான், பேரனும் பார்த்தான். 2010இல் பெர்பிஞான் அணியை 19–6 என வென்றபோது ஊரே நடுச்சதுக்கத்தில் திரண்டது. மார்செல் மிஷெலின் அதைக் காணவில்லை. ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்து நின்றவர், 1945இல் நாஜி வதைமுகாமில் இறந்தார். திடல் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இதே மிஷெலின் இன்று திருவள்ளூர் மாவட்டத்திலும் டயர் செய்கிறது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் தேர்வாய் கண்டிகையில் அதன் ஆலை இருக்கிறது. அந்தத் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தபோது, ஆடு மாடு மேய்த்த பொது நிலம் போகிறதே என்று ஊர் மக்கள் எதிர்த்துப் போராடினார்கள். க்ளெர்மோனில் ஆலை ஊருக்குத் திடல் கொடுத்தது; இங்கே ஊர் ஆலைக்கு நிலம் கொடுத்தது. அம்பத்தூருக்கும் ஒரு டயர் ஆலை இருந்தது. டன்லப். பல தலைமுறைக் குடும்பங்களுக்குச் சோறு போட்ட அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. பெயர் மட்டும் அந்தப் பக்கத்துப் பேச்சில் இடப்பெயராக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னோர் ஊர் காஸ்த்ர். தென்மேற்கு பிரான்ஸில் நாற்பதாயிரத்தைச் சற்றுத் தாண்டும் மக்கள்தொகை. 2011 கணக்கெடுப்பின்படி ஆவடியில் 3,45,996 பேர். அதில் எட்டில் ஒரு பங்குதான் காஸ்த்ர். அங்கே மருந்துக் கடை வைத்திருந்து, பின்னர் பெரும் மருந்து நிறுவனத்தை எழுப்பிய பியேர் ஃபாப்ர் என்பவர், 1980களின் இறுதியில் ஊர் அணிக்குத் துணையாக நின்றார். பெரிய நகரங்களின் பணக்கார அணிகளை வென்று காஸ்த்ர் 1993, 2013, 2018 ஆண்டுகளில் பிரெஞ்சு சாம்பியன் ஆனது. 2013இல் வென்றபோது ஃபாப்ருக்கு வயது 87. கோப்பை வந்து இரண்டு மாதத்துக்குள் அவர் காலமானார்.

தொழிலதிபர்களின் தயவைப் பாட நான் இவற்றைச் சொல்லவில்லை. மிஷெலின் பாணித் தந்தைமைக்குக் கறுப்புப் பக்கம் உண்டு. வீடு, பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு எல்லாம் முதலாளி கையில் இருந்தால் சங்கம் பேச வாய் எழாது என்ற கணக்கும் அதில் இருந்தது. ஆனாலும் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஆட நேரமும் இடமும் கிடைத்தன என்பது உண்மை. அந்த நேரத்திலிருந்தும் இடத்திலிருந்தும்தான் ஒரு நூற்றாண்டு கழித்து இறுதிப்போட்டிகள் முளைத்தன.

இந்தியாவில் ரக்பி புதிது என்பது பாதி உண்மை. 1872 கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் இங்கிலாந்துக்காரர்கள் ஒரு பக்கமும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரர்கள் மறுபக்கமுமாக ஆடினார்கள். அடுத்த மாதமே ஒரு கிளப் தொடங்கியது. சில ஆண்டில், ஆடிவந்த ராணுவப் பிரிவு ஊர் மாறியது; உறுப்பினர்கள் போலோவுக்கும் டென்னிஸுக்கும் போனார்கள். கிளப்பைக் கலைத்தபோது வங்கியில் மிஞ்சியிருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து, உருக்கி, ஒரு கோப்பை செய்தார்கள். கைப்பிடிகள் மூன்று நாகப்பாம்புகள். மூடியில் ஒரு யானை. 1878இல் அதை லண்டன் யூனியனுக்குக் கொடுத்தார்கள். 1879இலிருந்து இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அந்தக் கல்கத்தா கோப்பைக்காக மோதிவருகின்றன. உலக ரக்பியின் மிகப் பழைய கோப்பைகளில் ஒன்று நம் ரூபாயால் ஆனது. இந்தக் கதையை ரசித்துச் சொல்லும் பலர், அதன் கசப்பான பகுதியைக் கவனிப்பதில்லை. ஆட்டம் உள்ளூர்க்காரர் யாரிடமும் இறங்காததால்தான், பட்டாளம் போனதும் கிளப் செத்தது. பூந்தமல்லியிலும் அந்தக் காலத்தில் ஐரோப்பியச் சிப்பாய்கள் நோய் தேறுவதற்கான முகாம் இருந்தது. பட்டாளம் போனது, கன்டோன்மென்ட் என்ற பெயர் மட்டும் நின்றது.

சென்னையில் 1884இல் தொடங்கிய ஜிம்கானா கிளப் வழியாக ரக்பி நீண்டகாலம் உயிரோடு இருந்தது. 1924இல் தொடங்கிய அகில இந்தியப் போட்டி ஊர் ஊராக நடந்துவந்தது. பிற்காலத்தில் ராணுவ அணிகள் அதில் வலுவாக எழுந்தன. என்றாலும் தீவுத்திடலின் அந்தக் கிளப் ஆட்டம் பாடி மேம்பாலத்தைத் தாண்டி மேற்கே வரவில்லை. இந்தியா ஒரு நாடாகத் தன் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடியதே 1998இல், சிங்கப்பூரில்தான். அந்த அணியில் ஆடிய நடிகர் ராகுல் போஸ்தான் 2025 லீக் தொடங்கியபோது ரக்பி இந்தியாவின் தலைவர்.

ஆட்டம் மக்களிடம் இறங்கியது கிளப்கள் இல்லாத இடங்களில். புவனேஸ்வரத்தில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான கலிங்கா சமூக அறிவியல் நிறுவனத்தின் பள்ளியில், கல்கத்தாவில் ஜங்கிள் க்ரோஸ் அணியை உருவாக்கிய பால் வால்ஷ் பயிற்சி கொடுத்தார். 2007இல் அந்தப் பிள்ளைகள் லண்டனில் பதினான்கு வயதுக்கு உட்பட்டோருக்கான போட்டியை வென்றார்கள். இன்று ஒடிசா இந்திய ரக்பியின் தாய்வீடுகளில் ஒன்று. பீகார் அடுத்து எழுந்தது. 2025 ஆகஸ்டில் இருபது வயதுக்கு உட்பட்டோருக்கான ஆசியப் போட்டி ராஜ்கீரில் நடந்து, இந்தியப் பெண்கள் வெண்கலம் வென்றார்கள். பெண்களுக்கு இது புதிய உயரமும் இல்லை. 2019இல் மணிலாவில் சிங்கப்பூரை 21–19 என வென்று, பதினைந்து பேர் ஆடும் ரக்பியில் தன் முதல் சர்வதேச வெற்றியை இந்தியப் பெண்கள் அணி பெற்றது. அப்படியிருந்தும் முதல் லீகில் அவர்களுக்கு இடம் வைக்காமல் விட்டது தவறு என்றே நினைக்கிறேன்.

பக்கத்து இலங்கையைப் பார்த்தால் நமக்கு இன்னும் பயன்படும் பாடம் இருக்கிறது. 1879இலேயே கொழும்பில் ரக்பி தொடங்கியது. 1945இலிருந்து கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் மோதும் பிராட்பி கேடயத்துக்கு ஊரே திரள்கிறது. கிளப் சாம்பியன்ஷிப்பில் கண்டி அணி நீண்டகாலம் கோலோச்சியது. அங்கே கவனிக்க வேண்டிய ஒன்று: கிளப்களோடு சரிசமமாகக் காவல்துறை, தரைப்படை, கடற்படை, விமானப்படை அணிகளும் ஆடுகின்றன. பள்ளியில் ஆடியவருக்குச் சீருடை வேலை கிடைக்கிறது. வேலையில் சேர்ந்தவர் பத்தாண்டு ஆடுகிறார்.

இந்த ஏற்பாட்டுக்குத் தேவையானதெல்லாம் ஆவடியில் ஏற்கெனவே இருக்கிறது. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு இங்கே கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆறு ஆண்டில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965இல் அதிலிருந்து முதல் விஜயந்தா டேங்க் வெளியே வந்தது. ராணுவ உடைத் தொழிற்சாலை, விமானப்படை நிலையம், மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம், தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் பட்டாலியன்கள் என்று ஊரே சீருடையும் ஷிஃப்டுமாக வளர்ந்தது. தொழிற்சாலைக் குடியிருப்புகளுக்குள் இன்றும் திடல்கள் உண்டு. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையும் தெற்கு ரயில்வேயும் எத்தனை விளையாட்டுக்காரர்களுக்கு வாழ்க்கை கொடுத்தன என்பது வடசென்னை அறிந்தது. ஸ்போர்ட்ஸ் கோட்டா என்ற சொல் இந்தப் பக்கத்து வீடுகளில் எஞ்சினியரிங் சீட்டுக்கு நிகரான கனவு.

ஆளுக்கும் பஞ்சம் இல்லை. திருவள்ளூர் சாலையின் இரு பக்கமும் பொங்கல் விடுமுறையில் மின்னொளி கபடிப் போட்டி இல்லாத ஊரைத் தேட வேண்டும். ரக்பியின் உயிர்நாடி டேக்கிள்: ஓடிவரும் உடலைத் தோளால் தாங்கி, கையால் சுற்றி வளைத்து, பாதுகாப்பாகத் தரையில் சாய்ப்பது. தொடைப் பிடியும் இடுப்புப் பிடியும் சிறுவயதிலேயே பழகிய ஒருவருக்கு, எதிராளியின் எடை எந்தக் காலில் விழுகிறது என்று பார்வையாலேயே தெரியும். அதைப் பயிற்சியாளர் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் கபடி ஆடுகிறவர் அப்படியே ரக்பி ஆடிவிடுவார் என்று சொல்வது ஏமாற்று. கபடித் தரை 13 மீட்டருக்கு 10 மீட்டர். ரக்பித் திடல் நூறு மீட்டர் நீளம், எழுபது மீட்டர் வரை அகலம். ஏழு பேர் ஆடினாலும் அதே அளவு. கபடியில் பிடி ஒரு முடிவு. ரக்பியில் பிடி விழுந்த நொடியில் அடுத்த வேலை தொடங்குகிறது. பிடித்தவர் விட்டுவிட வேண்டும், விழுந்தவர் பந்தை விட வேண்டும், வந்து சேர்கிறவர்கள் காலூன்றி நின்று பந்தை வெல்ல வேண்டும். பந்தை முன்னால் கையால் எறியவே கூடாது. பின்னால் வரும் தோழருக்குத்தான் கொடுக்கலாம். முன்னேற வேண்டுமென்றால் பின்னால் பார்க்க வேண்டும் என்ற இந்தப் பழக்கம் வர ஆண்டுகள் ஆகும். கபடி இங்கே தழைத்ததற்கு உடல்வாகோடு நிலமும் ஒரு காரணம். ஒரு வீட்டு மனை அளவு இடம் போதும். சென்ட் கணக்கில் நிலம் விற்கும் புறநகரில் பிழைத்துக்கொள்ளக் கூடிய ஆட்டம் அது. ரக்பிக்கு ஒன்றே முக்கால் ஏக்கர் வேண்டும். கொரட்டூரிலோ முகப்பேரிலோ அதைத் தனியார் யாரும் சும்மா விட்டுவைக்கப் போவதில்லை. பட்டாலியன் திடல்களையும் ஆலைத் திடல்களையும் நான் சுட்டுவது அதனால்தான்.

ஆபத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2003இல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து அணியின் ஸ்டீவ் தாம்சன், அந்த வெற்றியே தனக்கு நினைவில் இல்லை என்று பின்னாளில் சொன்னார். இளவயதிலேயே மறதிநோய் கண்டறியப்பட்டவர் அவர். அவரைப் போன்ற பல முன்னாள் வீரர்கள் ஆட்ட நிர்வாகங்களின்மீது வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். தலையில் படும் மோதலுக்குக் கடும் தண்டனை, மோதல் பட்டவரை உடனே வெளியேற்றிப் பரிசோதிப்பது, உள்ளூர் ஆட்டங்களில் பிடியின் உயரத்தை மார்புக்குக் கீழே இறக்குவது என்று உலக ரக்பி விதிகளை இறுக்கிவருகிறது. இங்கே பள்ளிகளில் தொடங்குகிறவர்கள் தொட்டால் போதும் என்ற டச் ரக்பியிலிருந்துதான் தொடங்க வேண்டும். முதலுதவியும் ஆம்புலன்ஸும் இல்லாத திடலில் முழு ஆட்டம் நடத்துவது குற்றம். தினக்கூலி வீட்டுப் பிள்ளையின் உடைந்த தோள்பட்டை ஒரு குடும்பத்தின் மூன்று மாத அடுப்பை அணைத்துவிடும்.

கிரிக்கெட்டும் கபடியும் கால்பந்தும் இருக்கும்போது ரக்பி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கிரிக்கெட்டில் இந்த மாநிலத்துக்காக ஆட ஆசைப்படும் பிள்ளைகளின் வரிசை மிக நீளம். ரக்பியில் வரிசையே இன்னும் உருவாகவில்லை. ஏழு பேர் ரக்பி 2016 முதல் ஒலிம்பிக் ஆட்டம். ஃபிஜி என்ற சின்னஞ்சிறு தீவு நாடு தன் வரலாற்றின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை, அதுவும் தங்கமாக, ரியோவில் பிரிட்டனை 43–7 என வென்று வாங்கியது இந்த ஆட்டத்தில்தான். 2020இல் மத்திய அரசு வேலைகளுக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் புதிதாகச் சேர்ந்தவற்றில் ரக்பியும் ஒன்று. தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. கபடியில் கண்ணகி நகர் கார்த்திகா 2025இல் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்று வந்தபோது, ஒரு மறுகுடியேற்றப் பகுதியின் பெயர் நாடெங்கும் வேறு விதமாக உச்சரிக்கப்பட்டதைப் பார்த்தோம். அவர் பழகிய அணிக்கு முதலில் கிடைத்தது ஆட ஓர் இடமும் நேரம் ஒதுக்கிய ஒரு பயிற்சியாளரும்தான்.

ஆலை ஆட்டத்துக்குத் துணை நிற்பது சென்னைக்கு அந்நியமான வழக்கமும் இல்லை. இந்த நகரத்தின் கிரிக்கெட் லீகை வளர்த்தவை நிறுவனங்கள். ஜாலி ரோவர்ஸ், இந்தியா பிஸ்டன்ஸ், இந்தியா சிமென்ட்ஸ் என்று முதல் டிவிஷன் அணிகளுக்குப் பின்னால் கம்பெனிகள் நின்றன. ஆடுகிறவருக்கு வேலை கொடுத்து, ஆட்ட நாட்களில் விடுப்பும் சம்பளமும் கொடுத்தன. 1987இல் எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனம் வேகப்பந்துப் பயிற்சி மையத்தையே தொடங்கியது. ஹடர்ஸ்ஃபீல்டில் கிளப்கள் சண்டையிட்டுப் பெற்ற ஆறு ஷில்லிங்கைச் சென்னைக் கிரிக்கெட் சத்தமில்லாமல் பல பத்தாண்டாகக் கொடுத்துவந்திருக்கிறது. அது மற்ற ஆட்டங்களுக்கு நீளவில்லை என்பதே குறை.

லீகை நடத்துகிறவர்களும் யோசிக்க வேண்டும். பதினைந்து நாள் லீக் பதினைந்து நாளைக்குத்தான் சம்பளம் தரும். அணியில் இருந்த ஐந்து இந்தியர்களுக்கு ஆண்டின் மீதி 350 நாளும் வேறொருவர் சோறு போட வேண்டும். ராணுவமோ, போலீஸோ, ரயில்வேயோ, குடும்பமோ அந்தச் செலவைச் சுமக்கின்றன. நகரங்களின் பெயரை வாங்கிக்கொண்ட அணிகள் அந்த நகரங்களுக்கு ஒரு பயிற்சி முகாம்கூடத் திருப்பித் தராவிட்டால், கல்கத்தா கிளப்புக்கு நேர்ந்தது இவற்றுக்கும் நேரும்.

ஆகவே சென்னை புல்ஸ் நிர்வாகத்துக்கும் மேற்குப் புறநகரின் ஆலைகளுக்கும் பட்டாலியன் தளபதிகளுக்கும் என் வேண்டுகோள் சிறியது. ஆவடியிலோ அம்பத்தூரிலோ ஒரு திடலை வாரத்தில் இரண்டு மாலை திறந்துவிடுங்கள். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. பயிற்சி பெற்ற ஒருவரையும் முதலுதவிப் பெட்டியையும் அங்கே நிறுத்துங்கள். தேர்வுக்கும் போட்டிக்கும் போகிற தொழிலாளிக்கு, கான்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும், அந்த நாளின் கூலியைப் பிடிக்காதீர்கள்.